நிமிடத்துக்கு 30 சொல்

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது எனக்கு இருபது வயது; அதில் பாடம் சொல்லிக்கொடுத்தேன். பகலெல்லாம் குவாரியில் ஜல்லி உடைத்த பெண்கள், சோறாக்கி வைத்துவிட்டு இரவில் பள்ளிக்கூடத் திண்ணைக்கு வருவார்கள். நடுவில் ஓர் அரிக்கேன் விளக்கு. சுத்தியல் பிடித்துக் காய்த்துப்போன விரல்களில் பல்பம் நிற்காது. 'ட' உடனே வந்துவிடும், 'இ' மாதக்கணக்கில் படுத்தும். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் பழகுவதையும் இயக்கத்தோடு சேர்த்திருந்தார். முழங்காலில் சிராய்ப்போடு வந்து உட்கார்ந்தவர்கள் பல பேர்.

பாடப் புத்தகத்தைவிட, அவர்கள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்த காகிதங்களில்தான் எங்கள் வகுப்பு நடந்தது. ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பட்டா நகல். ஒருநாள் ஓர் அக்கா அடகுச் சீட்டை விரித்து வைத்தார்.

"என்ன எழுதியிருக்கு தம்பி?"

"நீங்களே பாருங்கக்கா. மொதல்ல மூணு தேடுங்க. எந்த ஊரு, என்ன தேதி, யாரு கையெழுத்து."

நான் ஒரு பார்வையில் படித்து முடித்திருந்தேன். எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றியது. அக்கா எழுத்துக்கு எழுத்து விரலை நகர்த்தினார். மற்றவர்கள் கிளம்பிப் போனபிறகும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"தேதியக் காணோமே தம்பி."

இல்லைதான். ஒருநாள் கூடினாலும் ஒரு மாத வட்டி சேர்க்கும் கடைகளில், தேதி இல்லாத சீட்டால் என்ன ஆகும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மறுநாள் வேலைக்குப் போகாமல் கடை வாசலில் நின்று, தேதி போட வைத்து வாங்கி வந்தார். அந்தச் சீட்டை எல்லோர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்ன அவருடைய முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

1992-இல் தேர்வு வைத்தோம். தேசிய எழுத்தறிவு இயக்கம் வகுத்த அளவுகோல் இருந்தது. வாய்விட்டு வாசிப்பது நிமிடத்துக்கு 30 சொல், பார்த்து எழுதுவது 7, சொல்லக் கேட்டு எழுதுவது 5. கடிகாரம் என் கையில். தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது பற்றிய பத்தி ஒன்றை அக்கா வாசித்தார். இரண்டாவது வரியில் நின்றுவிட்டார். "காய்ச்சிக் குடிச்சா வயித்துப்போக்கு வராதுன்னு போட்டிருக்கே, யாரு பாத்துச் சொன்னது?" நல்ல கேள்வி. நான் பதில் சொல்லத் தொடங்கியதும் நிமிடம் முடிந்துவிட்டது. தேறவில்லை என்று தாளில் குறித்தேன். கேள்வி கேட்டதற்கு மதிப்பெண் போட அந்தத் தாளில் இடமே இல்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 7 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் ஏதாவது ஒரு மொழியில் புரிந்துகொண்டு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் எழுத்தறிவு பெற்றவர். தமிழ்நாட்டில் 1991-இல் 62.66 சதவீதமாக இருந்தது 2011-இல் 80.09 ஆயிற்று. அந்த ஏற்றத்தில் எங்கள் திண்ணைகளுக்கும் பங்குண்டு என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் 'புரிந்துகொண்டு' என்ற அந்த ஒரு சொல்லை நாங்கள் எப்படி அளந்தோம்?

2018 கோடையில் எனக்கொரு வாட்ஸ்அப் காணொளி வந்தது. தெருவில் விளையாடும் பிள்ளைகள். பைக்கில் வந்த இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். வடக்கேயிருந்து பிள்ளை பிடிப்பவர்கள் நம் பக்கம் இறங்கியிருப்பதாகக் கீழே எழுதியிருந்தது. நான் அப்போது பள்ளி ஆசிரியர். பதறிப்போய், தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். மகனின் போனில் அதைப் பார்த்த அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது எந்த ஊரு? என்னைக்கு நடந்துச்சு? யாரு எழுதுனான்னு பேரே இல்லியே. சீட்டுல அதத்தான மொதல்ல பாக்கச் சொன்ன?"

எனக்கு வாயடைத்துப்போயிற்று.

அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த இருவரும் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். ஒரு குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும் என்று அதில் எழுதியிருக்கும். பரப்பியவர்கள் வெட்டி எறிந்தது அந்த எழுத்தைத்தான். இதே வதந்தி பரவிய மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தைச் சூழ்ந்து அடித்தார்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். 65 வயது மூதாட்டி இறந்துபோனார். அடித்தவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. நான் அனுப்பியது யார் யார் கைக்குப் போனதோ, திரும்ப வாங்க வழியில்லை. தெரிந்தவர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அது பொய் என்று சொன்னேன்.

அதன்பிறகு என் எட்டாம் வகுப்பில், வாரம் ஒரு வகுப்பை இதற்கே ஒதுக்கினேன். பிள்ளைகள் ஒரு செய்தியைக் கொண்டுவர வேண்டும். எந்த ஊர், என்ன தேதி, யார் சொன்னது? தேதி இல்லாததைச் சட்டென்று பிடித்துவிடுவார்கள். சொன்னவருக்கு அது எப்படித் தெரியும் என்ற இடத்தில்தான் பெரும்பாலும் திணறுவார்கள். அங்கேதான் நேரம் எடுத்துக்கொள்வோம்.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். நூறு நாள் வேலைக் கூலி ஏறிய வங்கிப் புத்தகத்தை மடியில் வைத்து, விரலை நகர்த்தி வாசித்துக்கொண்டிருந்தார். அதே வேகம். நான் காத்திருந்தேன்.

"பணம் ஏறியிருக்கு தம்பி. எந்த வாரத்துக் கூலின்னுதான் போடல."

செருப்பைப் போட்டுக்கொண்டு இருவரும் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். வங்கி மூட இன்னும் நேரம் இருந்தது.