உடைந்த குழாய் விஷயமாக ஒரு விஞ்ஞாபனம்

கழிவுநீர் இலாகா மேலதிகாரி அவர்கள் சமூகத்திற்கு, கேமரன் மலையில் தானா ராத்தாவுக்குக் கீழே, ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், மகன் பெயரில் பதிவான வீட்டில் ஒண்டியிருக்கும் ஓய்வுபெற்ற கிராணி பணிந்து எழுதிக்கொள்வது.

சென்ற அடைமழையில் எங்கள் லயத்தின் பின்புறக் கழிவுக் குழாய் உடைந்ததும், அவ்விடத்தில் ஒரு குட்டை உற்பத்தியாகி அதன் கரையில் கோரை செழித்திருப்பதும் தங்கள் கோப்பில் மூன்று முறை பதிவாகிவிட்டபடியால், குட்டையை வர்ணித்துத் தங்கள் நேரத்தை வீணாக்காமல், அது யாருக்குச் சொந்தம் என்ற தத்துவ விசாரத்தில் மட்டும் பிரவேசிக்கிறேன்.

தோட்ட நிர்வாகத்தார் மாவட்ட மன்றத்தைக் காட்டினார்கள். மன்றத்தார் தங்களைக் காட்டினார்கள். தாங்களோ, வீட்டிலிருந்து பொதுக் குழாய் வரையிலான பகுதி வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு என்று விளக்கி, சொந்தக்காரர் என்ற ஸ்தானத்தில் அடியேன் பெயரை எழுதி அனுப்பினீர்கள். மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்தும், வேலை போனால் வீடும் போகும் என்ற நிபந்தனையில் ஒரு செங்கல்கூடச் சொந்தமாகாத எங்கள் வம்சத்துக்கு, முதன்முதலாக ஒரு ஸ்திர சொத்தை எழுதிக் கொடுத்த தங்கள் கிருபையை எவ்வாறு மறப்பேன்! தோட்ட வீடுகளைப் பழுதில்லாமல் பராமரிப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் சொல்வதாக என் மகன் வாதித்தான். சட்டத்தைப் படித்தவர்களுக்கு அதை நினைவூட்டுவது அநாகரிகம் என்று அவனை அடக்கிவிட்டேன்.

குழாய் எந்த வரைபடத்திலும் இல்லை என்பதும் தங்கள் கடிதத்தின் ஓர் ஆட்சேபம். இதில் எங்களுக்கு வருத்தமில்லை. 1885ல் வில்லியம் கேமரன் இம்மேட்டு நிலத்தைக் கண்டும் வரைபடத்தில் குறிக்காமல் போக, பின்வந்தவர்கள் அதைப் பல ஆண்டுகள் தேட நேர்ந்தது என்பார்கள்; மலையே அப்படிக் காணாமற்போன இடத்தில் நாலங்குலக் குழாய் எம்மாத்திரம்?

தங்கள் பரிசோதகர் ஒருமுறை ஸ்தலத்துக்கு எழுந்தருளி, சப்பாத்தின்மேல் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு, முப்பதடி தூரத்தில் நின்று, "எப்பவும் இப்படித்தான் நாறுமா?" என்று என் மருமகளைக் கேட்டார். "இல்ல சார், நீங்க வரீங்கன்னு காலையிலதான் கழுவி விட்டோம்" என்றாள் அவள். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மகனுமாக மண்வெட்டி போட்டோம். இரண்டடி ஆழத்தில் பழைய சுட்ட மண் குழாய் அகப்பட்டது. நாற்பதடிக்கு ஓரடி இறக்கம் போதும் என்பது கொத்தனார் கணக்கு. இங்கே இறக்கத்துக்குப் பஞ்சமில்லை, மழைக்கு மழை மலையே ஒரு விரற்கடை நகர்கிறது. அதனால் இணைப்பின் சிமெந்துப் பூச்சு விரிந்து, அந்த நூலிடைவெளியில் ஈரத்தை மோப்பம் பிடித்த வேர் நுழைந்திருந்தது. இழுக்க இழுக்க வந்தது; என் பாட்டி கொண்டையில் வைத்துக் கட்டும் சவரி போல ஒரு முழ நீளம், கறுத்துச் சொட்டச் சொட்ட. பழைய குழாயைத் தோண்டாமலே, அதனுள் பிசின் தோய்த்த துணிக்குழலைச் செலுத்தி இறுகச் செய்யும் வித்தையை 1971லேயே லண்டனில் எரிக் வுட் என்பவர் செய்து காட்டியிருக்கிறார். அவ்வளவு உயர்ந்த வித்தையை லயத்துக்குக் கேட்கும் துணிவு எனக்கில்லை. ஆறு பிவிசி குழாயும் ஒரு கொத்தனாரும் போதும்.

அவசரமும் இல்லை. குட்டை நிரம்பி வழிவது ஓடையில். ஓடை சேர்வது பெர்தாம் ஆற்றில். பெர்தாம் சேர்வது ரிங்லெட் நீர்த்தேக்கத்தில். அந்நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இறங்கி ஜோர் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. ஆகையால் இன்று மாலை தாங்கள் மேஜை விளக்கைப் போட்டு இவ்விஞ்ஞாபனத்தை வாசிக்கையில், அவ்வெளிச்சத்தில் எங்கள் லயத்தின் அற்பக் காணிக்கையும் கலந்திருக்கக்கூடும். அதற்கான தொகையைக் கோர எந்தப் பாரத்தை எத்தனை பிரதிகளில் நிரப்ப வேண்டும் என்று தெரிவிக்கப் பிரார்த்திக்கிறேன்.

இப்படிக்கு,
குட்டையின் சொந்தக்காரன்