விழுந்தா என்ன ஆகும்?

முகூர்த்தத்துக்கு இன்னும் அரை மணி இருக்கும்போதே ஆர்க்கிடெக்ட் சார் கணக்கெடுப்பை ஆரம்பித்துவிடுவார். தி.நகர் மண்டபம், கையில் காபி டம்ளர், கண் மேடைமேல். “நாதஸ்வரம் ரெண்டு, தவில் ரெண்டு. வெரி குட். ஜெனரேட்டர் இருக்கு. சமையல்கட்டுல மூணு பேருக்கு சாம்பார் வைக்கத் தெரியும், விசாரிச்சுட்டேன். ஆனா வாத்தியார் பாருங்க, ஒருத்தர்தான். இவர் விழுந்தா என்ன ஆகும்?”

சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற மனிதர் எங்கே போய் விழுவார் என்று நாம் யோசித்து முடிப்பதற்குள், நேரே வாத்தியாரிடமே போய்க் கேட்டுவிட்டார். அவர் நிமிர்ந்து பார்த்தார். “எனக்கு மாத்தா என் பிள்ளையைத்தான் தயார் பண்ணி வெச்சிருந்தேன். அத்யயனம் எல்லாம் ஆச்சு. இப்போ உங்க கம்பெனியிலதான் டெஸ்டிங்ல இருக்கான். லீவு குடுப்பேளா?”

சார் ஜெனரேட்டரைப் பார்க்கப் போய்விட்டார்.

2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்த சமயத்தில் கோடு எழுத வந்தவர் இவர். படிப்படியாக உயர்ந்து, இப்போது கோடு எழுதுவதில்லை, கோடு போடுகிறார். டிஷ்யூ பேப்பர், கச்சேரி நோட்டீஸ், மருந்துச் சீட்டின் பின்பக்கம் என்று எங்கும் பெட்டிகள், பெட்டிகளுக்கிடையே அம்புகள். எதைக் கேட்டாலும் “டிபெண்ட்ஸ்” என்பார். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்த ஒரு கேள்விதான்.

மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கு 2023 மே மாதம் ஆகாய நடைபாதை திறந்தார்கள். ரங்கநாதன் தெருவுக்குள் நசுங்காமல் போக வழி கிடைத்ததே என்று ஊர் சந்தோஷப்பட்டது. சாரும் சந்தோஷப்பட்டார். ஆல்டர்நேட் பாத் வேண்டும் என்று பல வருஷமாகத் தான் சொல்லிக்கொண்டிருந்ததாகவும், யாரோ காதில் வாங்கியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நடைபாதையின் நடுவில், முன்னும் பின்னும் ஜனம் நெருக்கியடிக்கிற இடத்தில் நின்று, உரத்த குரலில், “சரி, இது விழுந்தா?” என்றார். துணிப்பை வைத்திருந்த ஒரு அம்மாள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.

அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒன்பதில் மதிப்பெண் போடும் வழக்கம் உண்டு. 99 சதவீத நேரம் இயங்கினால் இரண்டு ஒன்பது. வருஷத்துக்கு மூன்றரை நாளுக்குச் சற்று மேல் படுத்திருக்கலாம். 99.9 என்றால் மூன்று ஒன்பது, எட்டே முக்கால் மணி. 99.999 என்கிற ஐந்து ஒன்பதுதான் பரமபதம். வருஷம் முழுக்கச் சேர்த்து ஐந்தே கால் நிமிஷம். எங்கள் ஃப்ளாட்டில் வீட்டு வேலை செய்யும் அம்மா மாதம் இரண்டு நாள் லீவு எடுப்பார். சார் கணக்குப் போட்டார்: 93 புள்ளி சொச்சம். “ஒரே ஒரு ஒன்பதுதாம்மா வருது உனக்கு. ஐந்து ஒன்பது வரணும்னா...” என்று விளக்கினார். அந்த அம்மா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, “அஞ்சு நிமிஷத்துல திருவண்ணாமலை போயிட்டு வந்துடணுமா சார்?” என்று கேட்டார்.

இதற்குச் சாரிடம் இருக்கும் மருந்து, எதையும் இரண்டாக வைத்துக்கொள்வது. தொண்ணூற்றொன்பது சதவீதக்காரர்கள் இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், இருவரும் ஒரே சமயத்தில் காலை வாருவது பத்தாயிரத்தில் ஒன்று. இரண்டு ஒன்பது சட்டென்று நான்கு ஒன்பதாகிவிடும். கணக்கு சரிதான். ஒரே ஒரு நிபந்தனை, இருவரும் தனித்தனிக் காரணத்துக்காக விழ வேண்டும். இந்த நம்பிக்கையில் சார் வீட்டுக்குப் பால் இரண்டு வழியாக வரும்: பூத்துக்குப் போய் ஒரு பாக்கெட், வாசலில் போடும் பையனிடம் ஒரு பாக்கெட். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து, ஊரில் பாலுக்கு அலைந்தோமே, அப்போதுதான் தெரிந்தது, இரண்டும் ஆவின் என்று. “காமன் காஸ் ஃபெயிலியர்” என்று கறுப்புக் காபியைக் குடித்துக்கொண்டே எனக்குப் பாடம் நடத்தினார். டிகாக்‌ஷனுக்குப் பஞ்சமில்லை. ஃபில்டர் இரண்டு.

அவருக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு. யார் வீட்டுக் காரியமானாலும் அதற்கு ஓர் இடம் கிடைத்துவிடும். 2021 பிப்ரவரி 24. காலை 11.40க்கு மும்பையில் தேசியப் பங்குச்சந்தை நின்றுபோனது. இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமிருந்து தனித்தனியாக இணைப்புகள் வாங்கி வைத்திருந்தார்கள், இரண்டிலும் கோளாறு. மறுபடி வியாபாரம் தொடங்கியபோது மணி 3.45; அன்றைக்குச் சந்தையை ஐந்து மணி வரை நீட்டினார்கள். இந்த இடத்தில் சார் குரலைத் தாழ்த்துவார். “அவங்களோட டிசாஸ்டர் ரிகவரி சைட் எங்கே இருக்கு தெரியுமா? இங்கே. நம்ம சென்னையில. எல்லாம் தயாரா உட்கார்ந்திருந்தது சார். கூப்பிடவே இல்லை.” பந்திக்குக் கூப்பிடாத சம்பந்தியின் வருத்தம் அந்தக் குரலில் இருக்கும். மாற்று மையத்துக்கு ஏன் மாறவில்லை என்று செபியே விளக்கம் கேட்டது. கோளாறு வந்தால் அரை மணிக்குள் அதைப் பேரிடர் என்று அறிவித்தாக வேண்டும் என்று அடுத்த மாதமே விதியும் போட்டார்கள்.

அந்த விதியை முதலில் அமல்படுத்தியது எங்கள் அடையாறு ஃப்ளாட்டாகத்தான் இருக்கும். சார் அப்போது சங்கத் தலைவர். நான் பொருளாளர், அதாவது அவர் போடும் அம்புகளுக்குச் செக் எழுதுகிறவன். சம்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஏற்கெனவே ஒரு மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அது விழுந்தா? இரண்டாவது மோட்டார் வாங்கினோம். முதலாவது நின்றால் இரண்டாவதை உடனே வாட்ச்மேன் போட்டுவிடக் கூடாது. தலைவர் அறிவிக்க வேண்டும், அதன் பிறகே மாற வேண்டும் என்று லேமினேட் செய்த தாள் ஒன்றும் மோட்டார் அறையில் தொங்கியது. மார்கழியில் ஒருநாள் காலை முதல் மோட்டார் புகைந்து நின்றது. வாட்ச்மேன் தாளைப் படித்துவிட்டு சாருக்குப் போன் செய்தார். சார் மயிலாப்பூரில் காலைக் கச்சேரியில், போனை அணைத்துவைத்து, கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு வந்தார். பேரிடர் என்று முறைப்படி அறிவித்தார். இரண்டாவது மோட்டாரின் ஸ்விட்சைத் தட்டினார். அது ‘ம்ம்ம்’ என்று கொஞ்ச நேரம் முனகிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது. வாங்கி மாட்டிய நாளிலிருந்து ஒரு தரம்கூட ஓடாததால் உள்ளே துருப்பிடித்து ஜாம்.

“மாசம் ஒரு வாட்டியாவது ஓட விடணும் சார்” என்றார் பிளம்பர். சார் தாடையைத் தடவிக்கொண்டு, “அப்போ மூணாவது ஒண்ணு...” என்று ஆரம்பித்தார்.

சங்கக் கணக்கும் இரட்டைதான். நோட்டுப் புத்தகம் ஒருவரிடமே இருந்தால் ஆபத்தாம். என்னிடம் ஒரு பிரதி, செயலாளரிடம் ஒரு பிரதி. ஒருவர் எழுதியதை உடனுக்குடன் மற்றவருக்குச் சொல்லிவிட வேண்டும். பார்க்கிங் தகராறில் எனக்கும் செயலாளருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய் வெகுநாளாகிறது. ஆக, இப்போது இரண்டு நோட்டிலும் இரண்டு இருப்பு. புகார் சொன்னால் சாருக்கு முகம் மலர்ந்துவிடும். எரிக் புரூவர் என்பவர் 2000இலேயே இதைச் சொல்லிவிட்டாராம். 2002இல் எம்ஐடிக்காரர்கள் நிரூபித்தும் விட்டார்களாம். பிரதிகளுக்கு இடையே தொடர்பு அறுந்துவிட்டால் இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும்: ஒன்று, எல்லாப் பிரதியும் ஒரே பதில் சொல்லும், ஆனால் கேட்டபோதெல்லாம் சொல்லாது. இல்லாவிட்டால், கேட்டபோதெல்லாம் பதில் வரும், ஆனால் ஆளுக்கொன்றாக வரும். “நீங்க ரெண்டு பேரும் நெட்வொர்க் பார்ட்டிஷன்” என்று எங்களுக்குப் பெயர் வைத்தார். ஆடிட்டர் வேறு பெயர் வைத்தார்.

இவருக்கு விஷயம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மென்பொருளுக்கு என்னென்ன குணம் வேண்டும் என்று ஐஎஸ்ஓ 25010 என்கிற தரவிதி ஒரு பட்டியல் வைத்திருப்பதையும், 2011இல் எட்டாக இருந்த அந்தப் பட்டியல் 2023இல் ஒன்பதானதையும் எனக்குச் சொன்னவரே அவர்தான். வேகம், பாதுகாப்பு, பராமரிக்க எளிமை, உபயோகிக்கச் சுலபம் என்று நீள்கிற அந்த வரிசையில் நம்பகம் ஒன்று. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும், எதைக் கொடுத்து எதை வாங்குவது என்று முடிவு செய்வதுதான் ஆர்க்கிடெக்ட் வேலை என்றும் அவரே சொல்வார். சொல்லிவிட்டு, வருகிற எல்லா விலையையும் கொடுத்து அந்த ஒன்றையே வாங்குவார். விலையை வேறு யாராவது கொடுப்பார்கள்.

என் அக்கா பெண் பெருங்குடியில் இவர் மாதிரியே ஒருவரின் கீழ் வேலை பார்க்கிறாள். அவர் ஒருநாள் போர்டில் இன்னொரு ஊரை எழுதி, இரண்டு ஊருக்கும் நடுவே ஓர் அம்பு போட்டுவிட்டு அடுத்த ப்ராஜெக்டுக்குப் போய்விட்டார். அந்த அம்பை ஓடவைப்பது இவள் வேலை. இரண்டு ஊர்த் தகவலும் ஒத்துப்போகாவிட்டால் இவள் போன்தான் அலறும். போகியன்று விடிகாலை இரண்டு மணிக்கு அலறியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தவள் குளிக்கப் போனபோது பொங்கலே பொங்கிவிட்டது. ராத்திரியில் யாரை எழுப்புவது என்று அவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் அம்பு போட்டவர் பெயர் கிடையாது. இருக்க வேண்டும், முதல் பெயராக இருக்க வேண்டும். இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

ஆனாலும் 2015 டிசம்பரை மறக்க முடியாது. அடையாறு கரை புரண்டு வந்து, கரண்ட் போய், டீசல் தீர்ந்து, செல்போன் டவர்கள் ஒவ்வொன்றாக மௌனமான அந்த நாட்களில், எங்கள் கட்டடத்தில் மணியடித்தது சார் வீட்டு லேண்ட்லைன் ஒன்றுதான். “இன்னுமா இதுக்கு வாடகை கட்டறீங்க?” என்று நாங்கள் எல்லாரும் கேலி செய்த பிஎஸ்என்எல் போன். எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரியிலிருந்து கம்பி வழியாகவே அதற்கு மின்சாரம் வந்துவிடும். வீட்டில் கரண்ட் இல்லாததைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. அமெரிக்காவில் பிள்ளை, சிங்கப்பூரில் பெண் என்று கட்டடமே அவர் வீட்டு ஹாலில் வரிசையில் நின்றது. சார் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கு மூன்று நிமிஷம் என்று நேரம் பார்த்தார். தண்ணீர் கேனும் கொடுத்தார். வரிசை பாதி நகர்ந்ததும், “எல்லாம் சரி, இதுவும் விழுந்தா...” என்று தொடங்கினார். அந்த ஒருநாள் மட்டும் யாரும் முறைக்கவில்லை.

போன வருஷம் தன்னைப் பற்றியே அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலும் எழுதி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு மாமியிடம் கொடுத்திருக்கிறார். எல்ஐசி பாலிசி, லாக்கர் சாவி, பென்ஷன், பாஸ்வேர்டு எல்லாம் படி படியாக. மாமி அதை என் மனைவியிடம் காட்டினாராம். முதல் படி: பதற்றப்படாதே, நான் உண்மையில் விழுந்துவிட்டேனா என்று உறுதி செய். அவர்கள் ஆபீஸில் சர்வருக்கு அப்படித்தானாம், மூன்று தடவை நாடி பார்த்துப் பதில் வராவிட்டால் போய்விட்டது என்று வைத்துக்கொள்வார்கள். அதனால், மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிடு. பதில் இல்லையென்றால் இரண்டாம் படிக்குப் போ.

“ஹிந்து பேப்பரைப் பிரிச்சுட்டார்னா முப்பது தடவை கூப்பிட்டாலும் பதில் வராது” என்றாராம் மாமி. “இந்தக் கணக்குப்படி தினம் கார்த்தால ஏழு மணிக்கு நான் எல்ஐசிக்குப் போகணும்.”