பொயின்ற் மாமா

ஸ்காபரோவில் தெருவுக்கு ஒரு பொயின்ற் மாமா இருக்கிறார். வியாழக்கிழமை காலையில் அவருக்குப் போன் எடுத்துப் பயனில்லை. பி.சி. ஒப்டிமம் என்ற கடைப் பொயின்ற்ஸ் திட்டத்தில் அந்த வாரத்து ஓஃபர்கள் வந்து விழும் நாள் அது.

2018 பெப்ரவரியில் லோப்லோ நிறுவனம் தன் பி.சி. ப்ளஸையும் ஷொப்பர்ஸ் ட்ரக் மார்ட்டின் ஒப்டிமத்தையும் ஒன்றாக்கி இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. 10,000 பொயின்ற்ஸ் சேர்ந்தால் 10 டொலர். 9,990 இருந்தால் ஒரு சதமும் கழியாது. எஸ்ஸோவில் லீற்றருக்கு 10 பொயின்ற்ஸ் என்பதால், வேறெங்கும் பெற்றோல் அடிப்பது மாமாவுக்குக் கௌரவக் குறைவு. ஷொப்பர்ஸில் டொலருக்கு 15. அந்த வேகத்தில் 10 டொலரைக் காண 667 டொலர் செலவழிக்க வேண்டும். மாமா ஏமாறுவாரா? 20 மடங்கு நாளுக்குக் காத்திருப்பார்.

75 டொலருக்கு வாங்கினால் அன்றைக்கு 22,500 பொயின்ற்ஸ். கூடையில் இருப்பதோ 71 டொலர்.

"இஞ்சாருங்கோ, சாமான் காணும், வாங்கோ" என்பார் மாமி.

"பொறும், நாலு டொலர் குறையுது."

ஒன்பது டொலர் ஷாம்புவோடு திரும்பி வருவார். வீட்டில் ஏற்கெனவே ஆறு போத்தல் நிற்கிறது. மாமாவின் தலையில் அதற்கு வேலையில்லை.

சேர்த்ததை இலேசில் கழிக்கவும் மாட்டார். 2016இல், ஐந்து வருடம் கடந்த மைல்கள் காலாவதியாகும் என்று ஏர் மைல்ஸ் என்ற இன்னொரு பொயின்ற்ஸ் திட்டம் வெருட்டியபோது அவருக்கு நித்திரை இல்லை. நாள் போய்விட்டது என்று பொயின்ற்ஸைப் பறிக்கக்கூடாதென அந்த வருடமே ஒன்ராறியோ சட்டம் நிறைவேற்றியது. கனடா ஜனநாயகத்தில் மாமாவுக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

2024 மே மாதம், விலைவாசியைக் கண்டித்து லோப்லோ கடைகளைப் புறக்கணிக்கும் இயக்கம் கிளம்பியது. கலியாண வீடொன்றில் மாமா அதை ஆதரித்து அரைமணி நேரம் முழங்கினார். அடுத்த நாளே லோப்லோவின் நோ ஃபிரில்ஸில் பிடிபட்டார்.

"தம்பி, நான் காசு குடுக்கேல்லை. பொயின்ற்ஸ்தான் குடுத்தனான்."

மாமாவுக்கு வரும் ஓஃபர்கள் அவருடைய பழைய பில்களைப் பார்த்தே தயாராகின்றன. சம்பளம் எவ்வளவென்று மைத்துனருக்கே சொல்லாத மனிசன், மாதம் எத்தனை பால், எத்தனை பற்பசை என்பதைக் கொம்பனிக்கு ஒளிக்காமல் ஒப்புவித்துவிடுகிறார்.

காசுக் கவுண்டரில் அவருக்குப் பின்னால் நிற்க நேர்ந்தால் பக்கத்து வரிசைக்கு மாறிவிடுங்கள். ஓஃபரை லோட் பண்ண மறந்துவிட்டார். கடைக்குள் வைஃபையும் பிடிக்கவில்லை.