மட்டைக்கு இத்தனை கோடியா?

பேஸ்பால் ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று அமெரிக்கா வெளிப்படையாக ஒத்துக்கொண்டது 1869-இல். சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் என்ற அணி, எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் சம்பளத்துக்கு ஆடுகிறவர்களே என்று ஊரறியச் சொல்லிவிட்டுக் களத்தில் இறங்கியது. அதற்கு முன்னும் சம்பளம் இருந்தது, மேசைக்கு அடியில். கனவான்கள் காசுக்கு ஆடமாட்டார்கள் என்பது அந்தக் காலத்து ஐதீகம். அணியிலேயே பெரிய சம்பளக்காரர் ஜார்ஜ் ரைட். ஒரு பருவத்துக்கு 1,400 டாலர். அந்த வருஷம் அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. ஆனாலும் பத்தே வருஷத்தில் முதலாளிமார்களுக்கு ஞானோதயம் வந்துவிட்டது: கூலி கைமீறிப் போகிறது.

1879 செப்டம்பரில் பஃபலோ நகரில் நேஷனல் லீக் முதலாளிகள் கூடி, அணிக்கு ஐந்து பேரைத் தங்களுக்கென்று ஒதுக்கிக்கொண்டார்கள். அந்த ஐவரை அடுத்த முதலாளி தொடக்கூடாது. முதலில் ரகசிய ஏற்பாடு. பிறகு ஐந்து பதினொன்றாகி, மொத்த அணியாகி, ஒப்பந்தத்திலேயே ‘ரிசர்வ் ஷரத்து’ என்று சம்மணமிட்டு உட்கார்ந்தது. ஆட்டக்காரன் கையெழுத்துப் போடுவது ஒரு வருஷத்துக்கு. முதலாளியின் பாத்தியதை ஆயுசுக்கு. 1922-இல் விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையே நடக்கும் வணிகமே அல்ல, ஆகவே ஏகபோகத் தடைச் சட்டம் அதைத் தொடாது என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். நியூயார்க் அணி ரயிலேறிச் சிகாகோ போகும், அங்கே டிக்கெட் விற்கும், வசூலில் பங்கு வாங்கிக்கொண்டு திரும்பி வரும். ஆனால் வணிகம் இல்லை. நாடு பார்த்தல் என்று நினைத்தார்களோ என்னவோ.

பாஸ்டன் ரெட் சாக்ஸின் பேப் ரூத் 1919-இல் 29 ஹோம் ரன் அடித்தார். ஹோம் ரன் என்றால் நம் சிக்சருக்கு அண்ணன். அடித்த கையோடு, பத்தாயிரம் போதாது, இருபதாயிரம் கொடு என்றார். முதலாளி ஹாரி ஃப்ரேஸி நாடகத் தயாரிப்பாளர், கழுத்துவரை கடன். ரூத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு ஒரு லட்சம் டாலருக்கு விற்றார், மேற்கொண்டு சுமார் மூன்று லட்சம் கடனும் பேசி முடித்தார். அத்தோடு விடாமல், ரூத் சுயநலக்காரர் என்று அறிக்கையும் விட்டார். பாஸ்டனில் அதற்குத் தலையாட்டிய பத்திரிகைகளும் உண்டு. சுயநலக்காரர் அடுத்த வருஷம் யாங்கீஸுக்காக 54 அடித்தார். ரெட் சாக்ஸ் 1918-இல் வாங்கிய வேர்ல்ட் சீரிஸ் பட்டத்தை மறுபடி வாங்கியது 2004-இல். மிச்சப்படுத்தியது பத்தாயிரம் டாலர்.

எனக்கு ரொம்பப் பிடித்த கூத்து 1938-இல் நடந்தது. ஜோ டிமாஜியோ, சான் பிரான்சிஸ்கோ மீனவர் ஒருவரின் மகன், வயசு 23. முந்தைய வருஷம் 46 ஹோம் ரன் அடித்துவிட்டு, 15,000 சம்பளத்தை 40,000 ஆக்கு என்று யாங்கீஸிடம் கேட்டார். முதலாளி ஜேக்கப் ரூப்பர்ட் பீர் ஆலை அதிபர். 25,000, அதற்கு மேல் ஒரு தம்பிடி கிடையாது என்றார். பதிமூன்று வருஷமாக ஆடும் லூ கெரிக்கே அந்த நாற்பதாயிரத்தை ஒட்டித்தானே வாங்குகிறார் என்று மேலாளர் எட் பாரோ மடக்க, அப்படியென்றால் பாவம், கெரிக்குக்கு ரொம்பக் குறைச்சலாகக் கொடுக்கிறீர்கள் என்று பையன் திருப்பிப் போட்டதாக ஒரு கதை. அப்புறம் ஊருக்குப் போய்த் தன் உணவகத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அப்போது பெருமந்தக் காலம். வேலை இல்லை, ரொட்டிக்கு வரிசை. 25,000 டாலரை ஒருத்தன் வேண்டாம் என்கிறானே என்று ஜனங்களுக்கு வயிறு எரிந்தது. எரியத்தான் செய்யும். ஆனால் பீர் ஆலை அதிபரும் அந்த வரிசையில் தட்டேந்தி நிற்கவில்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. பத்திரிகைகள் உறைக்க விட்டால்தானே? அந்த நாளில் விளையாட்டு நிருபர் அணியோடு ஊர் ஊராகப் போவார்; ரயில் டிக்கெட்டும் ஓட்டல் பில்லும் அணியின் கணக்கில். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிற பண்பாடு நமக்கு மட்டும் சொந்தமில்லை. ஆட்டக்காரனின் சம்பளம் டாலர் கணக்கில் அச்சாகும். முதலாளியின் வரவு செலவுப் புத்தகம் பெட்டியில் பூட்டியிருக்கும். தெரிந்த எண்ணைப் பார்த்துத்தானே கோபப்பட முடியும்?

டிமாஜியோ ஏப்ரலில் இறங்கி வந்தார், அதே 25,000-க்கு. வராத நாட்களுக்குப் பிடித்தம் வேறு. களத்துக்குத் திரும்பியவரைப் பார்த்துச் சொந்த அணியின் ரசிகர்களே ஊளையிட்டார்கள். கேட்டது கிடைத்திருந்தால் பேராசைக்காரன் என்று திட்டியிருக்கலாம்; கிடைக்காமல் தோற்று வந்தவனையும் பேராசைக்காரன் என்றே திட்டினார்கள். அந்த வருஷமும் வேர்ல்ட் சீரிஸ் யாங்கீஸுக்கே.

இப்படியே 1969 வரை ஓடியது. செயின்ட் லூயிஸின் கர்ட் ஃப்ளட், என்னைக் கேட்காமல் பிலடெல்பியாவுக்கு மாற்ற நான் என்ன சரக்கா என்று பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதி, வழக்கும் போட்டார். வருஷத்துக்கு 90,000 டாலர் வாங்குகிறவன் அடிமையா என்று சிரித்தவர்கள் அதிகம். விசாரணைக்கு ஓய்வு பெற்ற ஜாக்கி ராபின்சன் வந்து சாட்சி சொன்னார். அப்போது ஆடிக்கொண்டிருந்த ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. 1972-இல் ஐந்துக்கு மூன்று என்று ஃப்ளட் தோற்றார்.

கோர்ட்டால் முடியாததை ஒரு முதலாளியின் கஞ்சத்தனம் முடித்துக் கொடுத்தது. ஓக்லண்ட் அணியின் சார்லி ஃபின்லி, பந்து வீசும் பிட்சர் கேட்ஃபிஷ் ஹன்டருக்காக ஒப்பந்தப்படி கட்ட வேண்டிய 50,000 டாலர் காப்பீட்டுத் தொகையைக் கட்டாமல் இழுத்தடித்தார். தகராறு தீர்க்கும் நடுவர் பீட்டர் சைட்ஸ், ஒப்பந்தம் மீறப்பட்டது, ஆள் விடுதலை என்று 1974 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னார். மற்ற முதலாளிகள் விமானம் பிடித்து வட கரோலினாவில் ஹன்டரின் ஊர்ப்பக்கத்து வக்கீல் ஆபீஸுக்கு ஓடினார்கள். லட்சம் டாலர் வாங்கிக்கொண்டிருந்தவர் முப்பது லட்சத்துக்கு மேல் பேசி முடித்து யாங்கீஸுக்குப் போனார். ஆட்டக்காரனின் நிஜ விலை இதுதான் என்று முதலாளிகளே ஏலம் கேட்டு நிரூபித்துவிட்டார்கள். அடுத்த டிசம்பரில் இன்னும் இரண்டு பிட்சர்களின் வழக்கில் சைட்ஸ் ரிசர்வ் ஷரத்தையே உடைத்தார். முதலாளிகள் அவரை உடனே வேலையை விட்டுத் தூக்கினார்கள். தீர்ப்பைத் தூக்க முடியவில்லை.

ஃபின்லிக்குக் கஞ்சத்தனத்தோடு கொஞ்சம் மூளையும் உண்டு. பேசாமல் எல்லாரையும் வருஷா வருஷம் அவிழ்த்து விடுங்கள், சந்தையில் ஆள் குவிந்தால் விலை தானாக விழும் என்றார். ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவர் மார்வின் மில்லர், இரும்பாலைத் தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர், அதைக் கேட்டு உள்ளுக்குள் நடுங்கினார். எங்கே இவர்கள் ஒத்துக்கொண்டுவிடுவார்களோ என்று. கவலையே பட்டிருக்க வேண்டாம். முதலாளிகள் ஃபின்லியைப் பைத்தியம் என்று ஒதுக்கிவிட்டு, ஆறு வருஷம் ஆடியவனுக்குத்தான் விடுதலை என்று பேரம் பேசி, வெற்றிப் புன்னகையோடு கையெழுத்துப் போட்டார்கள். சந்தைக்குக் கொஞ்சம் பேரே வந்தார்கள், விலை விண்ணுக்குப் போனது. அதற்கும் ஆட்டக்காரனின் பேராசையே காரணம் என்று எழுதினார்கள்.

1980-இல் யாங்கீஸ் முதலாளி ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர், டேவ் வின்ஃபீல்டை பத்து வருஷத்துக்கு எடுத்தார். ஒன்றரைக் கோடிச் சொச்சம் என்று அவர் கணக்கு. விலைவாசிக்கு ஏற்பச் சம்பளம் ஏறும் என்ற ஷரத்தை அவர் சரியாகப் படிக்கவில்லை. மொத்தம் இரண்டு கோடியைத் தாண்டும் என்று பிறகுதான் புரிந்தது. தப்பு யாருடையது? வின்ஃபீல்டுடையது. பட்டப்போட்டி நடக்கும் அக்டோபரில் அடிக்காமல் மே மாசத்தில் அடிக்கிற ஆள் என்று நிருபர்கள் முன் அவரை நக்கலடித்தார். அது போதாமல், வின்ஃபீல்டைப் பற்றிக் குப்பை கிளற ஒரு சூதாடிக்கு 40,000 டாலர் கொடுத்தார். அதற்காக 1990-இல் அணி நிர்வாகத்திலிருந்தே அவரை விலக்கி வைத்தார்கள். சொந்த ஆட்டக்காரனை வேவு பார்க்கும் செலவையும் சம்பளச் செலவில் சேர்த்தார்களா என்று தெரியவில்லை.

இடையில் ஒரு சிக்கனப் பருவமும் வந்தது. 1985 முதல் சந்தையில் நல்ல ஆட்டக்காரர்களுக்கு அழைப்பே வரவில்லை. முதலாளிகளுக்கு ஒருவழியாகப் பொறுப்பு வந்துவிட்டது என்று பாராட்டு. ஆண்ட்ரே டாசன் வெற்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, நீங்களே தொகையை எழுதிக்கொள்ளுங்கள் என்று சிகாகோ கப்ஸிடம் நீட்டினார். ஐந்து லட்சம் என்று எழுதினார்கள். அவர் 49 ஹோம் ரன் அடித்து லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். பிறகு பார்த்தால், வந்தது பொறுப்பு இல்லை, கூட்டுச்சதி. 28 கோடி டாலர் நஷ்டஈடு கட்டினார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே அலெக்ஸ் ரோட்ரிகஸ். 2000 டிசம்பரில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் முதலாளி டாம் ஹிக்ஸ் அவருக்குப் பத்து வருஷத்துக்கு 25.2 கோடி டாலர் எழுதிக் கொடுத்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு ஹிக்ஸ் மொத்த அணியையே வாங்கியது 25 கோடிக்கு. வீட்டை வாங்கியதைவிட அதிகம் கொடுத்து வாசலுக்கு ஒரு கதவு போட்டார். ஏஜென்ட் ஸ்காட் போராஸை ராட்சசன் என்று வர்ணித்தார்கள். ஹிக்ஸின் கையை யாரும் முறுக்கவில்லை. பேனா அவர் கையில்தான் இருந்தது.

பழைய ஊரான சியாட்டிலுக்கு ரோட்ரிகஸ் முதல்முறை ஆட வந்தபோது ரசிகர்கள் போலி டாலர் நோட்டுகளை அவர்மேல் வீசினார்கள். அந்த வருஷம் அவர் அடித்தது 52 ஹோம் ரன், அவரை இழந்த சியாட்டில் ஜெயித்தது 116 ஆட்டம், ரேஞ்சர்ஸ் பிரிவிலேயே கடைசி. அடுத்த வருஷம் 57 அடித்தார், மறுபடி கடைசி. மூன்றாம் வருஷம் 47 அடித்துச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார், அப்போதும் கடைசி. இவருக்குக் கொடுத்துக் கஜானா காலி, பிட்சர் வாங்கக் காசில்லை என்று புலம்பல். 2004-இல் யாங்கீஸுக்குத் தள்ளிவிட்டார்கள், சம்பளத்தில் 6.7 கோடியைத் தாங்களே கொடுப்பதாக ஒத்துக்கொண்டு. இனி ரோட்ரிகஸ் எதிரணிக்கு அடிப்பார், பில் டெக்சாஸுக்கு.

2010-இல் ரேஞ்சர்ஸ் திவாலானது. கடன்காரர் பட்டியலில் ஈடில்லாக் கடன் கொடுத்தவர்களில் முதல் பெயர் அலெக்ஸ் ரோட்ரிகஸ், பாக்கி 2.49 கோடி. பார்த்தீர்களா, ஒரே ஆள் அணியையே முழுங்கிவிட்டான் என்று பழைய பாட்டு. ஹிக்ஸ் நடுவில் லிவர்பூல் கால்பந்து அணியில் பாதியையும் கடனில் வாங்கியிருந்தார் என்பது அந்தப் பாட்டின் சரணத்தில் வராது. திவாலான அணி ஏலத்தில் 59 கோடிக்குப் போனது, வாங்கிய விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். இப்படித் திவாலாக எனக்கும் ஆசைதான்.

அதே அக்டோபரில் ரேஞ்சர்ஸ், யாங்கீஸை வீழ்த்தி முதல்முறையாக வேர்ல்ட் சீரிஸுக்குப் போனது. கடைசி அவுட் யார்? ரோட்ரிகஸ். வந்த பந்தை மட்டையைக்கூட ஆட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். கடன் கொடுத்தவரைக் கடனாளி அவுட்டாக்கி அனுப்பிவைத்த வரலாறு வேறெந்த விளையாட்டிலும் நான் படித்ததில்லை.

பாபி போனியாவைச் சொல்லாமல் விட்டால் அமெரிக்காவில் உள்ளே விடமாட்டார்கள். ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் ஒவ்வொரு ஜூலை 1-ஆம் தேதியும் நியூயார்க் மெட்ஸ் அவருக்கு 11,93,248 டாலர் 20 சென்ட் அனுப்புகிறது. அந்த இருபது சென்ட்டில்தான் என் மனம் லயிக்கிறது. 2011-இல் தொடங்கியது, 2035 வரை போகும். அப்போது அவருக்கு 72 வயசு. ஆளை விடுவித்தபோது பாக்கி 59 லட்சம். அதை உடனே கொடுக்காமல் எட்டு சதவீத வட்டியோடு தள்ளிப்போட்டார்கள். மெட்ஸ் முதலாளிகள் தங்கள் பணத்தை பெர்னி மேடாஃப் என்ற மகானிடம் போட்டிருந்தார்கள்; அவர் எட்டுக்கு மேல் தருவார் என்று நம்பிக்கை. மகான் ஜெயிலுக்குப் போனார். ஜூலை தோறும் பத்திரிகைகள் சிரிக்கின்றன.

இத்தனைக்கும் மெட்ஸுக்கு அந்தப் பேரத்தில் ஆதாயமும் இருந்தது. சம்பளப் பட்டியலில் இடம் காலியான சமயத்தில் பிட்சர் மைக் ஹாம்ப்டன் வந்தார், 2000-இல் அணி வேர்ல்ட் சீரிஸ் ஆடியது. அவர் கொலராடோவுக்குப் போனதற்கு ஈடாகக் கிடைத்த புதுமுகத் தேர்வில் வந்தவர் டேவிட் ரைட், பின்னாளில் மெட்ஸ் கேப்டன். இந்தப் பாதிக் கதை ஜூலைச் சிரிப்பைக் கெடுக்கும்.

ஷோஹே ஓதானி விஷயத்தில் பத்திரிகைகளே குழம்பிப்போயின. 2023-இல் டாட்ஜர்ஸ் அணியோடு பத்து வருஷத்துக்கு 70 கோடி டாலர். ஆனால் இப்போதைக்கு ஆண்டுக்கு 20 லட்சம் போதும், மீதி 68 கோடியை 2034-லிருந்து கொடுங்கள், வட்டியும் வேண்டாம் என்றார். அதிகம் கேட்டால் பேராசை என்று எழுதலாம், பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றால் என்ன எழுதுவது? விளையாட்டையே கெடுக்கிறார் என்று எழுதினார்கள்.

கடைசியாக ஹுவான் சோட்டோ. 2024-இல் அவர் யாங்கீஸில் ஆடினார். எவ்வளவு கேட்டாலும் கொடுத்து நிறுத்துங்கள் என்று கூவியது வலதுபக்கக் கேலரி. யாங்கீஸும் 76 கோடிவரை போனது. மெட்ஸ் பதினைந்து வருஷத்துக்கு 76.5 கோடி கொடுத்துத் தூக்கியது. 2025 மே மாசம் மெட்ஸ் சட்டையில் அதே மைதானத்துக்கு வந்தார். பணத்தாசை பிடித்தவன் என்று ஊளை. முந்தைய வருஷம் கூவிய அதே கேலரிக்காரர்கள், முகத்தில் விழிக்கமாட்டோம் என்று மொத்தமாகத் திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அத்தனை முதுகுக்கும் டிக்கெட் விற்றிருந்தது, யாங்கீஸ் கல்லாவில்.