குதிரைவாலிக்கு நான் செய்த சேவை

உணவுப் பாதுகாப்பு, நீடித்த வேளாண்மை என்று பேசியே சம்பளம் வாங்கும் பொருளாதாரக்காரன் நான். சொந்த ஊர் எட்டயபுரம் என்பதால், கரிசல்காட்டைப் பற்றி யார் கூட்டம் போட்டாலும் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. கூச்சப்படாமல் உட்கார்ந்துவிடுவேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் வட்டாரத்துக்கே கணக்கெடுக்க வந்தேன். வினாத்தாள் நான் தயாரித்தது. ‘எவ்வளவு மழை பெய்தபின் விதைத்தீர்கள்?’ என்று அதில் ஒரு கேள்வி. இங்கே மானாவாரிக் காட்டில் மழைக்கு முன்பே, புரட்டாசிப் புழுதியில் விதையைப் போட்டுவிடுவார்கள். நனைந்த கரிசலில் மாடும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. சின்ன வயதில் அந்தச் சகதியில் செருப்பைப் பறிகொடுத்து அடி வாங்கியவன்தான் நான். பட்டம் வாங்கியதில் அது மறந்துபோயிருந்தது. கேள்வியைக் கேட்ட பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “தம்பிக்கு எந்த ஊரு?” என்றார். “மெட்ராஸ்” என்று சொல்லிவிட்டேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்துப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் மாணவர்களை விட்டுத் தென்னிந்திய கிராமங்களைக் கணக்கெடுக்க வைத்தார். சிவகாசிப் பக்கத்து வடமலாபுரமும் அதில் ஒன்று. ஊரை மறைக்கிற ஆள் ஒருவன் பின்னாளில் இந்தத் தொழிலுக்கு வருவான் என்று மனிதர் நினைத்திருக்க மாட்டார்.

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் எனக்கு வாய் நீண்டுவிட்டது. 2018-ல் படைப்புழு மக்காச்சோளத்தைத் தின்று தீர்த்த கதையைச் சொல்லி, குதிரைவாலிக்கு மாறுங்கள் என்று மேடைமேடையாகப் பேசினேன். நம்பியது எங்கள் அத்தை மட்டும்தான். நன்றாகவே விளைந்தது. அறுப்பு முடிந்து போன் வந்தது: “மருமவனே, இதை எங்க கொண்டுபோய்க் குத்த?”

அதை நான் யோசிக்கவே இல்லை. பொடித் தானியம், உமி லேசில் கழலாது. நெல் அரைக்கிற மில்லில் நொறுங்கிப்போகும். உரலில் போட்டு இடிக்க அத்தைக்குத் தெம்பில்லை. மக்காச்சோளம் என்றால் களத்துக்கே லாரி வரும், நாமக்கல் கோழித் தீவனத்துக்கு எடை போட்டு ஏற்றிக்கொண்டு போவார்கள். “மதிப்புக் கூட்டி விக்கணும் அத்தை” என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

உமியோடு, வியாபாரி சொன்ன விலைக்குப் போனது. அடுத்த புரட்டாசியில் அத்தை காட்டில் மக்காச்சோளம். நான் சென்னையில் பாக்கெட் குதிரைவாலியைப் பல மடங்கு விலைக்கு வாங்கினேன். அதுவும் விருந்தாளி வரும் நாளைக்கு. மற்ற நாளெல்லாம் வீட்டில் பொன்னி அரிசிதான்.

திட்டம் போடும் அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம். அடுத்த கருத்தரங்குக்கு என்னைக் கூப்பிட வேண்டாம். அந்தச் செலவில், தை அறுப்புக்கு முன்னால், உமி நீக்கும் மெஷின் ஒன்றை எட்டயபுரம் பக்கம் போட்டு, அதை ஓட்டத் தெரிந்த ஆளையும் வையுங்கள்.