வாடைக் காற்றும் வாடகைப் படகும்

மைசூரிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்க்க அரை நாளாவது ஆகும். ஆனாலும் மார்கழி பிறந்தால் எங்கள் வீட்டில் கடல் பேச்சுதான். காரணம், ஃப்ளோரிடாவில் இருக்கும் என் மச்சினன். நாலு சிநேகிதர்களோடு பாய்மரப் படகு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, கரீபியன் கடலில் தீவு தீவாகச் சுற்றுகிறான். சுற்றினோமா வந்தோமா என்று இருக்கக் கூடாதா? படம் வேறு அனுப்புகிறான். நீலக் கடல், வெள்ளை மணல், கறுப்புக் கண்ணாடி. "எந்தம்பியைப் பாருங்க, எப்படி இருக்கான்!" என்று என் மனைவி போனை இட்லிக்கும் என் வாய்க்கும் நடுவில் நீட்டுவாள்.

படத்தில் வராத சங்கதிகளை அவன் வாயிலிருந்தே பிடுங்கியிருக்கிறேன். அங்கே ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். அது ஓய்ந்தபின் வடகிழக்கிலிருந்து சீராக ஒரு காற்று வீச ஆரம்பிக்கும். அதை நம்பித்தான் பாய்மரக்காரர்கள் குளிர்காலத்தில் அங்கே போய்க் குவிகிறார்கள். நம் வாடையும் வடகிழக்குக் காற்றுதான். காற்றைத் தன் சொல்படி கேட்கவைத்துக் கப்பல் விட்டவர் கரிகாலனின் முன்னோர் என்று புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார் பாடியிருக்கிறார். அப்பேர்ப்பட்ட காற்று மைசூர் வந்து சேரும்போது குரங்குக் குல்லாய் விற்பதற்குத்தான் உதவுகிறது.

சரி, அவர்கள் படகு என்ன வேகம் போகும்? மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். எங்கள் தெருவில் சொப்புக் கீரை விற்கிற பெரியவர் சைக்கிளில் அதைவிட வேகமாகப் போவார். படகு சாய்ந்தாலும் பாத்திரம் கவிழக் கூடாதென்று அடுப்பை ஆடும்படி தொங்கவிட்டிருக்கிறார்கள். சாம்பார் நேராக நிற்கும், சமைக்கிறவர்தான் சாய்ந்து கிடப்பார். நல்ல தண்ணீர் அளந்துதான். ராத்திரி நங்கூரம் நழுவுகிறதா என்று யாராவது எழுந்து எழுந்து பார்க்க வேண்டும். கழிவறையில் காரியம் முடிந்ததும் ஒரு கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்க அடித்தால்தான் கடல்நீர் வந்து அலசிக்கொண்டு போகும். சின்ன வயதில் அடிபம்பைக் கண்டாலே ஓடி ஒளிந்தவன், இப்போது டாலர் கொடுத்து அடித்துக்கொண்டிருக்கிறான்.

தீவு என்றால் எங்களுக்கும் பஞ்சமில்லை. காவிரி இரண்டாகப் பிரிந்து சேரும் இடத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம், இன்னும் கீழே போனால் சிவனசமுத்திரம், அதற்கும் கீழே நம் ஸ்ரீரங்கம். மூன்றும் ஆற்றுத் தீவுகள். மூன்றிலும் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். தீவு விட்டுத் தீவு போயும் நங்கூரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் தூங்குகிறவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது ரங்கனதிட்டு. 1640-களில் கண்டீரவ நரசராஜ உடையார் காலத்தில் ஆற்றுக்குக் குறுக்கே ஓர் அணைக்கட்டு கட்டினார்கள். தண்ணீர் ஏறியதும் பாறையும் மரமுமாகச் சில திட்டுகள் மிஞ்சின. பறவைகள் அங்கே குடியேறிவிட்டன. பறவை ஆய்வாளர் சாலிம் அலி பார்த்துவிட்டுச் சொன்னதன்பேரில் 1940-ல் மன்னர் அதைச் சரணாலயமாக்கினார். 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் ஏறிவிட்டது. பறவைகளைப் பார்க்கப் படகில்தான் கூட்டிப்போவார்கள். பாய் கிடையாது, துடுப்புதான். தள்ளுகிறவர் இன்னொருவர் என்பதால் இதைவிடச் சுகமான படகோட்டம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மச்சினன் ஊருக்கு வந்திருந்தபோது அங்கே அழைத்துப் போனேன். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியை மாட்டும்போதே, "மச்சான், காற்று இடப் பக்கமிருந்து வருது" என்றான். "வரட்டும் மாப்ளே" என்றேன். ஒரு திட்டின் மரம் முழுக்க மஞ்சள் மூக்கு நாரைகள்; அடுத்ததில் கூழைக்கடாக்கள், கரண்டிவாயன்கள். கிளைக்குக் கீழே போகும்போது அண்ணாந்து பார்த்து வாயைத் திறக்கக் கூடாது என்பதை அனுபவஸ்தர்கள் அறிவார்கள். கொஞ்ச தூரத்தில் பாறைமேல் ஒரு முதலை, வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்தது. சூடு தணியத்தான் அது வாயைத் திறந்துவைக்கிறது. ஆனால் படகுக்கு ஒருவராவது, "இது நிஜமா, பொம்மையா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. அன்று கேட்டவன் மச்சினன். கேட்டதோடு விடாமல், கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுந்து நின்றான். படகோட்டி துடுப்பை நிறுத்தாமலே, "சும்னே கூத்கொள்ளி" என்றார். அட்லாண்டிக் அனுபவசாலி சும்மா உட்கார்ந்தான். அவன் அக்காள் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

இந்தப் படகுக்கும் பருவம் உண்டு. நான் தஞ்சாவூர்க்காரன். நிரம்பினால் கிருஷ்ணராஜ சாகர் அணை 124.80 அடி, மேட்டூர் 120 அடி என்று இரண்டு எண்ணையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆடி மாதம் இங்கே அணை நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட்டால், அங்கே என் தம்பி வீட்டில் ஆடிப்பெருக்குச் சித்ரான்னம். இங்கே ரங்கனதிட்டில் திட்டெல்லாம் முழுகி, படகுக்கு லீவு. தம்பிக்காகச் சந்தோஷப்படுவதா, படகுக்காக வருத்தப்படுவதா என்று விழிக்கிற மைசூர்த் தமிழன் நான் ஒருவனாக இருக்க முடியாது. ஜனவரி 28-ல் மேட்டூரை மூடுவது வழக்கம். அதிலிருந்து மறுபடி திறக்கிற ஜூன் 12 வரை காவிரியைப் பற்றி இரண்டு பக்கமும் குரல் கொஞ்சம் தணிந்திருக்கும். அந்தச் சந்தடியில்லாத நேரம் பார்த்துத்தான் நாரைகளும் குஞ்சு பொரிக்கின்றன.

உண்மையான குளிர்காலப் பயணிகளைப் பார்க்க வேண்டுமென்றால் நஞ்சன்கூடு பக்கம் ஹதினாறு ஏரிக்குப் போக வேண்டும். மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலைக்கு மேலே பறந்து வரித்தலை வாத்துகள் அங்கே வந்து இறங்குகின்றன. விசா இல்லை, வாடகை இல்லை, யாருக்கும் படம் அனுப்புவதும் இல்லை.

தையிலோ மாசியிலோ மைசூர் வருகிறவர்கள் அரண்மனையை மத்தியானத்துக்குத் தள்ளிவையுங்கள். அது எங்கும் பறந்து போகாது. ரங்கனதிட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். படகில் உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள். முதலை நிஜம்தான், கேட்க வேண்டாம்.