வாடகைக் குடிமகன்

எங்கள் கம்பெனியில் செய்யும் ஒவ்வொரு பிராக்கெட்டிலும் சின்னதாக ஒரு கட்டம் பொறித்திருக்கும். அதை ஸ்கேன் செய்தால் எந்த ஷிஃப்ட், எந்த மெஷின், எந்த லாட் இரும்பு, யார் சோதித்தது என்று ஜாதகமே வந்துவிடும். நான் குவாலிட்டிக்காரன்; அந்த ஜாதகத்தில் கையெழுத்துப் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரகடத்திலிருந்து போன லாரி காஷ்மீரில் படுத்தாலும், எந்த நட்டு செய்த வேலை என்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுவோம். அதே ஒரகடத்துப் பக்கம் நான் குடியிருக்கும் தெருமுனையில் விளக்கு எரியாமல் போனால் மட்டும், அது யாருடைய விளக்கு என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

ஆளில்லாமல் இல்லை. ஆளுக்கொரு பதில் இருக்கிறது. விசாரித்த வரையில் கம்பம் ஓர் அலுவலகத்தினுடையது, பல்பு இன்னொன்றினுடையது, அது நிற்கும் மண் மூன்றாவதினுடையது. இருட்டு மட்டும் எங்களுடையது.

இந்தப் பகுதியின் அமைப்பே அப்படி. சிப்காட் தொழிற்பேட்டை வளாகத்துக்குள் ரோடும் தண்ணீரும் சிப்காட் பொறுப்பு. வேலியைத் தாண்டினால் கிராம ஊராட்சி. சிங்கபெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் ரோடும், ஒரகடத்தில் அதை வெட்டிக்கொண்டு போகும் வண்டலூர்–வாலாஜாபாத் ரோடும் மாநில நெடுஞ்சாலை. ஏரி விஷயம் இன்னும் சுவாரசியம். நூறு ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு இருந்தால் நீர்வளத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். நெல் விளைந்த காலத்துக் கணக்கு இது. இன்றைக்கு அந்த ஆயக்கட்டில் விளைவது கார், டயர், லைன் வீடு. கார்த்திகை மாதத்து ஏரிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது; பாரபட்சமில்லாமல் எல்லார் வீட்டுக்கும் வந்து போகும்.

போதாததற்கு 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். காஞ்சிபுரமே உள்ளே வந்துவிட்டது, நாங்கள் எம்மாத்திரம்? கள்ளக்குறிச்சிப் பக்கம் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு, "இனிமே நான் சென்னைல இருக்கேம்மா" என்றேன். அவள் அசரவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பெண் வீட்டார் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். அரசாங்கம்தான் தாமதம்.

இத்தனை நிர்வாகத்திலிருந்தும் குடிமக்களுக்குச் செய்தி எப்படி வருகிறது என்பது தனிக் கதை. முன்பெல்லாம் தண்டோரா. அது ஒரு மனிதரைத் தாழ்த்தும் வேலை, நிறுத்துங்கள் என்று 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார், நல்ல காரியம். வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம் என்பது ஏற்பாடு. எங்கள் தெருவுக்கு வரும் ஆட்டோவுக்கு எப்போதும் அவசரம். நைட் ஷிஃப்ட் முடித்துத் தலையணையில் முகம் புதைத்திருக்கும்போது காதில் விழுவது இவ்வளவுதான்: "...அனைவரும் வருகிற... தேதிக்குள்... தவறும் பட்சத்தில்... துண்டிக்கப்படும் என்பதை..." எது துண்டிக்கப்படும்? தண்ணீர் என்பார் எதிர்வீட்டுக்காரர். கரண்ட் என்பான் அறைத்தோழன். கேபிளாக இருந்துவிடக் கூடாதே என்று வீட்டு ஓனரம்மா வேண்டிக்கொள்வார்.

ஆகையால் எங்களுக்கு நம்பகமான செய்தி நிறுவனம் ஒன்றே ஒன்று, டேங்க் ஆபரேட்டர் அண்ணன். மேல்நிலைத் தொட்டியின் வால்வு அவர் கையில் இருப்பதால் ஊர்ச் செய்தியும் அவர் கையில். மோட்டார் காயில் போனது, குப்பை வண்டி பஞ்சர், கிளார்க் லீவு, எல்லாம் வால்வைத் திறந்துகொண்டே சொல்வார். ஒடிசாப் பையன்கள் தங்கியிருக்கும் வீட்டு வாசலில் அதே செய்தி, "கல் பானி நஹி பாய்" என்று இந்திப் பதிப்பாகவும் வெளிவரும்.

முறைப்படி கேட்க வேண்டுமென்றால் கிராம சபை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு இருந்தது; 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கினார்கள். முதல் நான்கும் 1958-ஆம் வருடத்துச் சட்டப்படி தொழிற்சாலைகளுக்குக் கட்டாய விடுமுறை. தொழிலாளி போய்க் கலந்துகொள்ள இதைவிட வசதி ஏது? தொழிலாளியோ அந்த நான்கு நாளுக்காகத்தான் தூக்கத்தைச் சேமித்து வைத்திருக்கிறான்.

நான் ஒரு சுதந்திர தினத்தில் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டுப் போனேன். மிட்டாய் கொடுத்தார்கள். வரவு செலவு வாசித்தார்கள். எழுந்து விளக்கைப் பற்றிக் கேட்டேன்.

"தம்பிக்கு ஓட்டு எங்க?" என்றார் முன்வரிசைப் பெரியவர்.

"கள்ளக்குறிச்சிங்க ஐயா."

"அப்ப வெளக்கும் அங்கதான எரியும்!"

சபை சிரித்தது. நானும் சிரித்தேன், மிட்டாய் வாயில் இருந்ததால் வேறு வழியில்லை. பெரியவர் சொன்னது சட்டப்படி சரி. அந்தக் கிராமத்து வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர். குடிக்கிற தண்ணீர் இங்கே, போடுகிற குப்பை இங்கே, ஓட்டு மட்டும் ஊரில் அம்மாவோடு பத்திரமாக இருக்கிறது.

மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் உத்திரமேரூரை இழுக்காமல் விடமாட்டார்கள். எங்கள் மாவட்டம்தானே! முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, முப்பது குடும்பு, குடவோலை, ஏரி வாரியம், தோட்ட வாரியம். கணக்குக் காட்டாதவனுக்கு வாரியத்தில் இடமில்லை, அவன் உறவுக்காரனுக்கும் இல்லை என்ற விதியைக் கேட்டால் எனக்கும் புல்லரிக்கும். ஆனால் அதற்கு முந்தைய வரியைப் பேச்சாளர்கள் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் இருக்க வேண்டுமாம். அதாவது, ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் வந்திருந்தாலும் என்னை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். மிட்டாயும் கிடைத்திருக்காது.

நான் ஒருவன் என்றால் சரி. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 2024 ஆகஸ்டில் திறந்த குடியிருப்பில் மட்டும் 18,720 பேருக்கு இடம். பல பேரூராட்சிகளின் ஜனத்தொகையே அவ்வளவு இருக்காது. அந்தப் பெண்கள் எல்லாரும் ஓட்டை இங்கே மாற்றிக்கொண்டார்கள் என்று வையுங்கள். வேட்பாளர்கள் ஷிஃப்ட் அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு, விடிகாலை பஸ் நிறுத்தத்தில் கும்பிட்டபடி நிற்பார்கள். எங்கள் தெரு விளக்கின் பிறப்புச் சான்றிதழ்கூட அன்றைக்கே கிடைத்துவிடும்.

இப்படி இருக்கையில் 2025 பிறந்ததும் ஒரு செய்தி வந்தது: ஸ்ரீபெரும்புதூர் பேரூராட்சி, நகராட்சி ஆகிறது. இராமானுஜர் பிறந்து ஆயிரம் வருடம், ஹூண்டாய் வந்து கால் நூற்றாண்டுக்கு மேல், ஆகட்டும், நியாயம்தான். எங்கள் தெருவில் அது வேறு விதமாக வந்து சேர்ந்தது: "அடுத்து நம்மளையும் சேர்த்துடுவாங்களாம்." எங்கிருந்து கிளம்பிய செய்தி என்று தெரியாது. டேங்க் ஆபரேட்டர் அண்ணனே உறுதி செய்யவில்லை. ஆனால் வந்த வேகத்தில் அது மூன்றாகப் பிரிந்துகொண்டது.

கடைசி வீட்டு ஆயாவுக்கு, நூறு நாள் வேலை போகும் செய்தி. அது கிராமத்துக்கு மட்டும் என்று இருந்த திட்டம். தமிழ்நாடெங்கும் ஊராட்சிகளை நகரத்தோடு சேர்க்கும்போது ஜனங்கள் மறித்து உட்கார்ந்ததே இதற்குத்தான். "டவுன் ஆனா எனக்கின்னா, நான் பேண்ட்டா போடப் போறேன்?" என்றார் ஆயா. ரியல் எஸ்டேட் அண்ணனுக்கு அதே செய்தி சதுர அடிக்கு நூறு ரூபாய் ஏற்றம். மறுநாளே அவர் போர்டில் 'நகராட்சிக்கு மிக அருகில்' என்று எழுதிவிட்டார். எனக்கு விளக்கு ஞாபகம். நகரமானால் சேவை கூடும் என்று நம்பினேன். அந்த ஜூலையில் அரசின் 'உங்களுடன் ஸ்டாலின்' சேவை முகாம்கள் தொடங்கின. நோட்டீஸை எழுத்தெண்ணிப் படித்தேன். ஊரகப் பகுதிக்கு 15 துறை, 46 சேவை. நகரப் பகுதிக்கு 13 துறை, 43 சேவை. நகரமானால் மூன்று குறைகிறது! இதை என் கம்பெனியில் யாராவது செய்திருந்தால் விளக்கம் கேட்டு மெயில் போட்டிருப்பேன்.

அன்று மாலை ஓனரம்மா வாசலுக்கு வந்தார்.

"நகராட்சி ஆனா வீட்டு வரி ஏறுமாம் தம்பி."

"எப்பம்மா ஆகுதாம்?"

"அது யாருக்குத் தெரியும். நீ அடுத்த மாசத்திலேர்ந்து ஐந்நூறு சேர்த்துக் குடுத்துடு."